அடுக்களை இரண்டு, உக்கிராணம் ஒன்று!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து மின்சார ரயிலில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருப்பதில்லை. "அம்மா, உன் பழைய போனைக் கொடு. கம்பெனிக்காரன் இனிமேல் இதைக் கவனிக்கமாட்டான். நான் லினேஜ் ஓஎஸ் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன்" என்பான். சாயங்காலம் பார்த்தால், போன் கம்பெனிச் சின்னத்தைக் காட்டுகிறது, அணைகிறது, மறுபடி காட்டுகிறது. அவ்வளவுதான்!

பதறாதீர்கள், சகோதரிகளே. பெரும்பாலும் போன் செத்துப்போகவில்லை. அடுக்களை மாறி நிற்கிறது.

2016-ல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது, கூகுளின் பிக்ஸல் போனில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். போனை எழுப்பிவிடும் 'பூட்' பகுதி முதலானவற்றை 'ஏ', 'பி' என்று இரண்டு ஸ்லாட்டாக வைத்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு அடுக்களை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒன்றில் சமையல் நடக்கும்போதே மற்றதில் புதிய பதிப்பு தயாராகும். அடுத்த முறை போன் அங்கே கண் விழிக்கும். சில தடவை முயன்றும் விழிக்காவிட்டால், பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கெட்டிக்கார யோசனைதான்!

வெளி ஓஎஸ் போடும்போதுதான் வம்பு. அது பல போன்களில் மற்ற அடுக்களையில் போய் இறங்குகிறது. அங்கேயோ மோடம் முதலிய அடிப்படைச் சாமான்கள் பழசாகக் கிடக்கும். சிலவற்றில் காலியாகவே இருக்கும். சமையல்காரர் வந்துவிட்டார், அடுப்பைக் காணோம்! இதனால்தான் பல போன்களுக்கு, முதலில் ஒரு ஸ்லாட்டிலிருந்து மற்றதற்கு நகல் எடுக்கும்படி லினேஜ்காரர்களே சொல்கிறார்கள்.

நகல் எடுக்காமல் போட்டு, போன் நின்றுவிட்டதா? கம்ப்யூட்டரில் இணைத்து 'ஃபாஸ்ட்பூட்' நிலையில், எந்த ஸ்லாட் நடப்பில் இருக்கிறது என்று கேட்கலாம். மற்றதை நடப்பாக்கிப் பார்க்கலாம். விழித்துக்கொண்டால், நகல் எடுத்துவிட்டு மறுபடி முறையாகப் போடலாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது. 2022 ஆகஸ்டில் பிக்ஸல் 6 வகைப் போன்களுக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தது. பழைய பூட்லோடரை இனி ஏற்காதபடி ஒரு பூட்டும் கூடவே வந்தது. புதியது ஒரு ஸ்லாட்டில், மற்றதில் பழசே. புதியது விழிக்காமல் போன் பழையதற்குத் தாவினால், பிறகு எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்று கூகுளே எச்சரித்தது. இரண்டு ஸ்லாட்டிலும் 13-ஐப் போட்டுவிடுவதுதான் அதற்குப் பரிகாரம்.

இன்னொன்று. அடுக்களை இரண்டானாலும் உக்கிராணம் ஒன்றுதான். பேரனின் முதல் பிறந்த நாள் படமும், மறைந்த மாமியாரின் குரலும் இருப்பது அந்த ஒரே அறையில். அதற்கு நகல் கிடையாது. வெளி ஓஎஸ் போடுவதற்காகப் பூட்லோடரைத் திறக்கும்போதே, அனேகமாக எல்லாப் போன்களிலும் அந்த அறை துடைக்கப்பட்டுவிடும். ஸ்லாட் மாற்றி எதுவும் திரும்பி வராது. ஆகையால் போனைக் கொடுக்குமுன், படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கியாயிற்றா என்று பிள்ளையைக் கேளுங்கள். இறக்கியதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாங்கி ஆப்கள் சில வெளி ஓஎஸ்ஸில் ஓட மறுக்கும். அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.