வேப்பமுத்து காயும் வீதி

ஆடி மாதம் கரிசல் காட்டுக்குப் போனால் முதலில் வந்து மேலே விழுவது காற்றுதான். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கு 15 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் பஸ் ஜன்னலைத் திறந்தால் வாயெல்லாம் புழுதி, மூடினால் வேக்காடு. தென்மேற்குப் பருவம் மழையை மலைக்கு மேற்கே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கணவாய் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளுக்கு இது அறுவடைக் காலம். மற்றவர்களுக்கு இல்லை.

எட்டயபுரத்தில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கிறார்கள். நேரம் இருந்தால் மணிமண்டபம், இன்னும் கொஞ்சம் இருந்தால் உமறுப் புலவர் தர்கா. சனிக்கிழமையாக இருந்தால் ஆட்டுச் சந்தை கண்ணில் படாமல் போகாது. அப்புறம் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ வண்டி கிளம்பிவிடுகிறது. நான் விளாத்திகுளம் சாலையில் கொஞ்ச தூரம் போய், உள்ளே திரும்புகிற ஒரு ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கே யாரும் விருந்தாளிக்காகக் காத்திருக்கவில்லை.

போகும் வழியெல்லாம் வெறுங்காடு. கரிசலில் காடு என்றால் மரமடர்ந்த வனம் இல்லை, மானாவாரி நிலம். உழுது போட்ட இடம் கட்டி கட்டியாகவும், உழாத இடம் பாளம் பாளமாக வெடித்தும் கிடந்தது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களிமண் இது. ஒரு வெடிப்புக்குள் கையை விட்டேன், முழங்கை வரை இறங்கியது. புரட்டாசியில், மழை விழுமுன்பே இந்தப் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். உளுந்து, பாசி, பருத்தி, மல்லி, மிளகாய், இப்போது எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம். எல்லாம் வடகிழக்குப் பருவத்தின் தயவு. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வரும் வழியில் காய்ந்த பூமியைப் பார்த்து மனமிரங்கி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று ஒரு கதை சொல்வார்கள். 1835-இல் அவர் இங்கேயே காலமானார், நினைவிடமும் எட்டயபுரத்திலேயே இருக்கிறது. கதை எப்படியோ, வருகிற விருந்தாளியிடம் இந்தச் சீமை எதை எதிர்பார்த்தது என்பது அதில் இருக்கிறது.

ஊருக்குள் நுழைந்தபோது காலை பத்தரை மணி. சத்தமே இல்லை. நகரத்திலிருந்து வருகிறவனுக்கு அது முதல் ஐந்து நிமிஷம் சுகமாகத்தான் இருந்தது. பிறகுதான் பூட்டுகள் கண்ணில் பட்டன. நாலு வீட்டுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. திருப்பூர், கோயம்புத்தூர் என்று குடும்பத்தோடு போனவர்கள் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் வருகிறார்கள். இருக்கிற வீடுகளிலும் வயசுப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ('ஆபீஸ்' என்றுதான் இங்கே சொல்வார்கள், தொழிற்சாலை என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.) 'அமைதியான கிராமம்' என்று சுற்றுலாக்காரர்கள் விற்கிற சரக்கு பல நேரம் இதுதான்: ஆள் இல்லாத வீடு.

ஆனால் வீதி காலியாக இல்லை. அதன் ஒரு ஓரம் முழுக்க, சிமென்ட் போட்ட இடமெல்லாம், வெளிறிய மஞ்சளில் வேப்பமுத்து காய்ந்துகொண்டிருந்தது. காரமும் கசப்பும் கலந்த அந்த வாடை, ஒருமுறை மூக்கில் ஏறினால் சாயங்காலம் வரை போகாது. சாக்கு விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, பக்கத்திலேயே ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு ஒரு விரிப்பு. எல்லை தாண்டி உருளும் முத்தை எடுத்து அவரவர் பக்கம் போட்டுக்கொள்வதில் ஒரு கணக்கு இருக்கிறது, சண்டையும் இருக்கிறது.

"ஆச்சி, எல்லாம் உங்க மரமா?"

"மரம் யாரு வச்சா? காக்கா வச்சது. நாங்க பெறக்குதோம்."

சித்திரையில் பூத்து, ஆனி ஆடியில் பழுக்கும் வேம்பு. பழத்தைக் காக்கையும் மைனாவும் பகலில் தின்கின்றன, வௌவால் ராத்திரியில் தின்கிறது. சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். அப்படி விழுந்ததுதான் ஆச்சிகளுக்கு உசத்தி, பாதி வேலை முடிந்த சரக்கு. தானாக உதிர்ந்த பழம் என்றால் ஊறவைத்துக் கசக்கி, தோலையும் சதையையும் நீக்கி, அலசிக் காயப்போட வேண்டும். விடியுமுன் விளக்குமாற்றோடு போய் மரத்தடியைக் கூட்டுகிறவருக்குத்தான் பங்கு. தூங்கினவருக்கு அன்றைக்கு மரம் இல்லை. நிழலில் காயவைத்தால்தான் முத்தின் குணம் கெடாது என்று விவசாய ஆபீசர்கள் சொல்வதைச் சொல்லிப் பார்த்தேன். "நெழல்ல போட்டா என்னைக்குக் காய, என்னைக்குக் கடைக்குக் கொண்டுபோக?" என்றார்.

காய்ந்ததை ஊர்க் கடையிலேயே எடை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் காசு கைக்கு வராது, உப்பு, வெங்காயம், கருப்பட்டியாகத்தான் திரும்பி வரும். இப்போது காசு. அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்டால் எந்த ஆச்சியும் பதில் சொல்வதில்லை. சிறுவாடு அது. அரிசிப் பானைக்குள்ளோ, சேலை மடிப்புக்குள்ளோ போய்விடும். பருத்தி விற்ற பணம் கடன்காரருக்கும் உரக்கடைக்கும் ஆண்பிள்ளை கைக்கும் போய் மிச்சம்தான் வீட்டுக்கு. வேப்பமுத்துக்கு அந்தப் பாதையே கிடையாது. இந்த ஊரில் புளியமரத்துக்கு ஏலம் உண்டு, வேம்புக்கு இல்லை. அது எந்தக் கணக்கிலும் ஏறாத மரம். யாரும் நடாததால் யாருடையதும் இல்லை, யாருடையதும் இல்லாததால்தான் இத்தனை நாள் பெண்களுடையதாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பருத்தியோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்குக் கடல் தாண்டிக் கிராக்கி வந்தது, போர் முடிந்ததும் இறங்கியது. பாரதியின் தகப்பனார் சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை வைக்கப் போய், அது நொடித்து, கடைசியில் 1898-இல் மனமுடைந்துதான் இறந்தார். கரிசலில் எல்லாரும் பேசுகிற பயிர் பருத்தி, ஏற்றி வைப்பதும் அதுதான், கவிழ்ப்பதும் அதுதான். வேப்பமுத்தால் கவிழ்ந்த குடும்பம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என் செல்போனில் நண்பர் ஒருவர் ஸ்பெயினிலிருந்து அனுப்பிய படங்கள் இருந்தன. ஆலிவ் தோப்புகள். அங்கே ஹயேன் என்ற ஒரு மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கு மேல் ஆலிவ் மரம் நிற்கிறது. காயைப் பார்த்தால் நம் வேப்பங்காய்தான், கொஞ்சம் பருமன், அவ்வளவே. ஆனால் உறவு எதுவும் இல்லை. தாவரவியலில் ஆலிவ் மல்லிகைக் குடும்பம், வேம்பு மகோகனியின் பங்காளி. அங்கேயும் மரத்தடியில் வலை விரித்து, கிளையைத் தட்டி உதிர்த்து, ஊர் ஊராக எண்ணெய் பிழிகிறார்கள். பழைய செக்கைப் பார்க்க, தோப்பு வீட்டில் இரண்டு நாள் தங்க, காசு கொடுத்து ஆட்கள் வருகிறார்கள். மரத்துக்கு வயது எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள்.

வேம்புக்கு அந்த யோகம் இல்லை, அதன் எண்ணெயை யார் வாயில் வைப்பது? அதனால் அதற்கு மதிப்பில்லை என்று நினைத்தால் தப்பு. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். பிரதானும் அவர் குழுவினரும் 1960-களின் தொடக்கத்திலேயே, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினார்கள். 1994-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும், வேப்பெண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் காப்புரிமையே வாங்கிவிட்டன. சூழலியலாளர் வந்தனா சிவாவும் மற்றவர்களும் எதிர்த்து வழக்காடி, 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடி. 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. இந்த வீதியில் காய்கிற முத்தின் ஒரு துளி எங்கோ ஒரு யூரியா மூட்டையில் ஒட்டிக்கொண்டு இதே காட்டுக்குத் திரும்பி வந்தாலும் வரும்.

திரும்பி வருவது மூட்டையில் மட்டும் இல்லை. 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு மக்காச்சோளக் குருத்தைத் தின்னத் தொடங்கியபோது, சொல்லப்பட்ட மருந்துகளில் அசாடிராக்டினும் ஒன்று. வேப்பமுத்தின் சத்துதான் அது. ஆச்சி கிலோ கணக்கில் விற்றது மகன் கைக்குப் புட்டியில், மில்லி கணக்கில் வருகிறது. முத்தை இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி 5 சதவீதக் கரைசலாக வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவருகிறது. இடிக்க ஆள் எங்கே? அவர்களைத்தான் வேன் ஏற்றிக்கொண்டு போய்விட்டதே.

மத்தியானத்துக்கு மேல் காற்று இன்னும் உரத்தது. ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் விரிப்பின் ஓரத்தை ஏற்றிக்கொண்டு போனான். மூன்று ஆச்சிகள் ஒரே நேரத்தில் அவன் வம்சத்தை விசாரித்தார்கள். அந்த ஊரில் நான் கேட்ட பெரிய சத்தம் அதுதான்.

கிளம்புமுன் ஆச்சியிடம் ஆலிவ் படத்தைக் காட்டினேன். முகத்துக்கு நெருக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சாம்பல் பச்சை மரங்கள், கோடு கிழித்த மாதிரி வரிசை வரிசையாக, மலையடிவாரம் வரை.

"அம்புட்டும் ஒரே ஆளு வச்சதா?"

"பல பேர் வச்சது ஆச்சி. எண்ணெய் எடுக்கத்தான்."

"கசக்குமா?"

"காய் கசக்கும். எண்ணெயில சமைக்கலாம்."

கொஞ்சம் யோசித்தார். "அதுல காக்கா ஒக்காருமா?"

பறவைகள் தின்னும் என்றேன்.

"அப்ப சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காற்று தூக்கிய சாக்கின் மூலையில் கல்லை நகர்த்தி வைத்தார்.