டீப் பை நாமே தைக்கலாம், துணி நம்ம பக்கத்திலேயே இருக்கு



ஆடி மாதம் அய்யனார் கோவிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு அக்கா கூட்டத்தில் கேட்டாங்க: "வீட்டுக்கு வந்த விருந்தாளி நூல் கட்டின டீப் பை கொண்டு வந்தாங்க. அதை நம்ம தச்சு விக்க முடியாதா?" நல்ல கேள்வி. தைக்கலாம். ஆனால் எதைத் தைப்பது, எதை விற்பது என்று தெரிந்துகொண்டு இறங்கணும்.

டீப் பையை முதலில் யோசித்தவங்களில் இரண்டு பெண்கள் இருக்காங்க. அமெரிக்காவில் மில்வாக்கி என்ற ஊர்க்காரங்க, ராபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன். ஒரு பாத்திரம் நிறைய டீ போட்டு மீதியைக் கொட்டுறோமே, ஒரு கோப்பைக்கு வேண்டியதை மட்டும் பையில் போட்டால் என்ன என்று நினைத்து, 1901-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தாங்க, 1903-ல் கிடைத்தது. அவங்க சொன்ன பை, இடைவெளி விட்டு நெய்த பருத்தித் துணிப் பை.

அந்த மாதிரித் துணிக்கு நாம் அலைய வேண்டாம். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் தறிகளில் ஓடுகிற பேண்டேஜ் துணி அதுதானே! நம்ம உறுப்பினர்கள் பலர் வீட்டுச் சாப்பாடே அந்தத் தறியில்தான் நடக்குது.

கடையில் விற்கும் பையை ஏன் அப்படியே காப்பி அடிக்கக் கூடாது? பார்க்கப் பேப்பர் மாதிரி இருந்தாலும் பலவற்றில் சூட்டில் ஒட்டுவதற்காகப் பிளாஸ்டிக் இழை கலந்திருப்பாங்க. பளபளவென்று முக்கோணமாக இருப்பது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2019-ல் சோதித்தபோது, அப்படி ஒரு பையை வெந்நீரில் போட்டதும் ஆயிரம் கோடிக்கும் மேலான நுண் பிளாஸ்டிக் துகள்கள் வெளிவந்ததாகச் சொன்னாங்க. ஸ்டேப்ளர் பின் அடித்த பைகளை நிறுத்தச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-லேயே உத்தரவு போட்டது. பின் கழன்று தொண்டைக்குள் போனால் என்ன ஆகும்?

இனி தையலுக்கு வருவோம். துணி வாங்கும்போது மருந்து எதுவும் ஏற்றாததா என்று கேட்டு வாங்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பின சுருள், மிச்சம் மீதி எதுவும் வேண்டாம். பெரிய இலை டீ, துளசி, எலுமிச்சைப்புல் இதுக்கெல்லாம் பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாகப் போடலாம். குருணை டீக்கு நெருக்கமாக நெய்த மல் துணிதான் சரி. டஸ்ட் டீ எந்தத் துணியிலும் கொஞ்சம் கசியும். அதற்கு நம்ம வடிகட்டியே போதும்.

துணியை அப்படியே தைத்துவிடக் கூடாது. நான் முதலில் தைத்த பையில் போட்ட டீ, சோறு வடித்த கஞ்சி மாதிரி வாசம் அடித்தது. பாவுக்குப் போட்ட கஞ்சி போகவில்லை! பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் ஒருமுறை கொதிக்க வைத்து அலசி, வெயிலில் காய வையுங்க. சோப்புப் பவுடரும் நீலமும் கிட்டவே வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு ஓரத்தை வெட்டி ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பாருங்க. கருநீலமாக மாறினால் கஞ்சி இன்னும் இருக்கு. அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றதை மறுபடி கொதிக்க வையுங்க.

ஒரு கஜம் நீளம், 36 அங்குல அகலம் உள்ள மல் துணியில் 4 அங்குலத்துக்கு 9 அங்குலமாக வெட்டினால் 36 துண்டு வரும். (பேண்டேஜ் துணி என்றால் இரண்டு மடிப்புக்கு இரண்டு பங்கு துணி ஆகும்.) துண்டை இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் வெளிப்புறமாக ஒரு தையல். பிறகு பையைத் திருப்பி உள்புறமாக இன்னொரு தையல். இப்படிச் செய்தால் பிசிறு உள்ளே மறைந்துவிடும், நூல் டீயில் மிதக்காது. வாயை மடித்துத் தைத்து, சுருக்குப் பை மாதிரிக் கயிறு கோத்துவிடுங்க. நூலும் கயிறும் சாயம் இல்லாத பருத்தியாக இருக்கணும். மெஷினில் மாட்டியிருக்கும் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர், அதை முதலில் மாற்றுங்க. தைத்து முடித்தால் சுமார் 3 அங்குல அகலம், 4 அங்குல உயரம் இருக்கும்.

ஒரு கோப்பைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 2 கிராம் அளவு. நாலு பேருக்கு நாலு ஸ்பூன். பையை முக்கால்வாசி அடைத்துவிடாதீங்க. இலை ஊறினால் உப்பும், மூன்றில் ஒரு பங்கு போதும். நம்ம ஊரில் பாலோடு கொதிக்க வைப்போம், அதற்கும் பையை அப்படியே பாத்திரத்தில் போடலாம். முடிந்ததும் இலையைச் செடிக்குத் தட்டிவிட்டு, பையை உடனே அலசி வெயிலில் போடணும். கறை படிவதில் தப்பில்லை. கரும்புள்ளி பூத்தாலோ முடைநாற்றம் அடித்தாலோ தூக்கி எறியுங்க. பால் டீயில் போட்ட பையை ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கொதிக்க வைக்கணும்.

வியாபாரம்? என் கருத்தைச் சொல்றேன், கோபப்படாதீங்க. டீயை அடைத்து விற்காதீங்க, இப்போதைக்கு. அது உணவுப் பொருள். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கணும், பதினாலு இலக்க எண்ணை லேபிளில் போடணும், ஈரம் ஏறாமல் அடைக்கணும். ஐப்பசி மழையில் அடைத்த மூலிகை டீ பூஞ்சை பிடித்து ஒரு குழுவின் கடன் பணம் முடங்கினதை நானே பார்த்திருக்கேன். வெறும் பையை, பத்துப் பத்தாக, செய்முறைச் சீட்டோடு விற்றால் அந்தத் தொல்லை இல்லை. மிஞ்சினாலும் கெட்டுப் போகாது. விலை போடும்போது துணி, நூல், விறகோடு உங்க தையல் கூலியையும் சேருங்க. கூலியை விட்டுவிட்டு "லாபம்" என்று எழுதும் பழக்கம் நம்ம கணக்குப் புத்தகத்தில் நிறைய இருக்கு.

முதலில் எங்கே விற்பது என்றால், எனக்குத் தோன்றுவது அய்யனார் கோவிலுக்குப் போகிறவங்கதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய டீக் கப்புக்கும் தடை உண்டு. அந்த மலைக்காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அங்கே ஓடுகிற ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ராஜபாளையம் வீடுகளுக்குக் குடிக்க வருது. சாமி பேரே நீர்காத்த அய்யனார்! சமைக்கச் சாமான் கட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு, திரும்ப வீட்டுக்கே கொண்டு வரக்கூடிய பை பிடிக்கும். ஊரை விட்டுப் புறப்படும் முன்பே, டவுனில் கொடுப்பது நல்லது. காட்டுக்குள் கடை போட நினைக்காதீங்க.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஐந்து பை தைத்து எடுத்து வாங்க. அங்கேயே அடுப்பு மூட்டி, டீ போட்டுக் குடித்துப் பார்த்து, எந்தத் துணி என்று முடிவு செய்யலாம். சர்க்கரை மட்டும் நான் கொண்டு வர்றேன்.