தொட்டியில் தேளிக்கு மறைவிடம்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகார்ப் பகுதியின் வாய்க்கால்களிலும் குளங்களிலும் வாழும் தேளி, இரவில் இரை தேடும் மீனாகும். பகலில் சேற்றிலும் வேர்களிடையிலும் பதுங்கிக் கிடக்கும். இதனை வீட்டிலோ பள்ளியிலோ கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோர் இவ்வியல்பை மறத்தலாகாது. ஒளிய இடமின்றேல் மீன் மிரண்டு, இரை கொள்ளாது மெலியும்.

தொட்டியின் அடியில், நன்கு கழுவிய நுண்மணலை இரண்டு விரற்கடை உயரத்திற்குப் பரப்புதல் வேண்டும். கூரிய சல்லி ஆகாது. இரையை உணரும் மீசைகளை அது புண்படுத்தும். உடைந்த மண்பானையின் ஓரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் நல்ல மறைவிடமாகும். விளக்கணைத்த பின்னர் உணவிடுக. தேளி மேலெழுந்து காற்றையும் சுவாசிப்பதால், மூடிக்கும் நீருக்கும் இடையே இடைவெளி விடுக. பக்கத் துடுப்பின் முள் நஞ்சுடையது, வெறுங்கையால் பிடித்தலாகாது.

தொட்டிக்குச் சொன்னது குளத்திற்கும் பொருந்தும். பஞ்சாயத்துக் குளத்தைத் தூர் வாருகையில், ஒரு கரையோரத்துக் கோரையையேனும் விட்டுவைப்போமாக.