குர்பானி ஆட்டுக்கு சோயா கொடுக்கலாமா?

பக்ரீதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, வீட்டில் ஆடு வளர்ப்போர் நம்மிடம் கேட்கத் தொடங்கிவிடும் கேள்வி இது. சோயா போட்டால் ஆடு சீக்கிரம் எடை கூடும் என்று யாரோ சொல்ல, கிலோ கணக்கில் வாங்கி ஊறவைத்துக் கொடுக்கிறார்கள். சோயா நல்ல தீனிதான். அளவு தப்பினால்தான் வம்பு.

சோயா மொச்சையில் 100-க்கு 36 முதல் 40 பங்கு புரதம். எல்லோரும் அதை மட்டும் பார்க்கிறோம். கூடவே 20 பங்குக்குக் கிட்ட எண்ணெயும் இருக்கிறது. ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். பெருவயிறு என்னும் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்களே தழையிலும் வைக்கோலிலும் உள்ள நாரைச் செரிக்க வைக்கின்றன. எண்ணெய் மிகுந்தால் அது நாரின்மேல் படிந்து, அந்த நுண்ணுயிர்களையும் முடக்கிவிடும். தின்ற தழை செரிக்காமல் சாணத்தோடு போகும். அசைபோடுவது குறையும், கழிச்சல் காணும். வெளிப்படையாக நோயுற்ற ஆடு குர்பானிக்கு ஆகாது என்பது நாம் அறிந்ததே.

20 கிலோ ஆடு, ஈரம் நீக்கிய கணக்கில், நாளொன்றுக்கு 700 கிராம் அளவு தின்னும். அதில் கொழுப்பு 40 கிராமுக்குள் இருக்க வேண்டும். தழை, தவிட்டிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடும். ஆகவே சோயா 100 கிராமே உச்சம். சிலர் போடும் அரைக் கிலோவில் எண்ணெய் மட்டும் 100 கிராம் வரை!

பால்குடிக் குட்டிக்குப் பச்சை சோயா கூடவே கூடாது. அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. பெருவயிறு வளர்ந்த ஆடு அதைச் சமாளிக்கும், குட்டியால் முடியாது. வறுத்தால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். யூரியா கலந்த வைக்கோல் போடும் வீடுகளில் பச்சை சோயாவைச் சேர்க்கவே வேண்டாம். அது யூரியாவை வேகமாக அம்மோனியாவாக்கும்; ஆடு உயிருக்கே ஆபத்து.

எண்ணெய் எடுத்த சோயா புண்ணாக்கில் இந்தக் கொழுப்புத் தொல்லை இல்லை. (நம் பிரியாணியில் சேரும் மீல் மேக்கரும் எண்ணெய் எடுத்த சோயா மாவுதான்.) ஆனால் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைவதை விலை கொடுத்து வாங்குவானேன்? விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் கடலைக் கொடியும் கடலைப் புண்ணாக்கும் உண்டு. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து விளைகிறது. உளுந்துப் பொட்டு கிடைக்கும். அகத்தியை வேலியிலேயே வளர்க்கலாம். இரண்டு ஆட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கு இவையே கட்டுப்படியாகும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மட்டும் தொடாதீர்கள்.

வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிவந்த ஆட்டுக்கு முதல் ஒரு வாரம் தழையும் தண்ணீரும் போதும். பிறகு ஒரு சிறு கையளவில் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். இடப்பக்க வயிறு உப்பினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.