பாண் கடையை மட்டும் நம்பாத காலைச் சாப்பாடு



காலை விடிந்தால் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி எமது வீடுகளில் நாள்தோறும் எழுகின்றது. யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்றும் தேடிக்கொண்டிருப்பவர்களும் தனியாகவே குடும்பத்தைச் சுமக்கின்றார்கள். இவர்களில் பலர் ஏழு மணிக்கு முன்பே கூலி வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ புறப்பட வேண்டியிருக்கின்றது. அந்த அவசரத்தில் கைக்கு எட்டுவது கடைப்பாண்தான். பாணும் சம்பலும், அல்லது பாணும் வெறும் தேநீரும் என்று காலை கழிந்துவிடுகின்றது. பாண் முடிந்துவிட்டால் தாய் தேநீரோடு மட்டும் வேலைக்குப் போகின்றாள்.

பாண் கூடாத உணவு அல்ல. ஆனால் அதை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்தானது என்பதை 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எமக்குக் காட்டியது. எமது நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் கோதுமையே இங்கு மாவாக அரைக்கப்படுகின்றது. திருகோணமலை சீனக்குடாவில் 1980இல் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. ரூபாவின் பெறுமதி விழுந்ததும் கோதுமை மாவின் விலை ஏறியது, பாணின் விலையும் ஏறியது. சமையல் எரிவாயுவும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் அரிசி மாவும், குரக்கனும், வளவில் நின்ற முருங்கையும், விறகடுப்பும்தான் பல வீடுகளுக்குக் கைகொடுத்தன.

பழைய நிவாரண காலத்தையும் நினைத்துப் பாருங்கள். முகாம்களில் உலர் உணவாகக் கிடைத்த கோதுமை மாவையும் பருப்பையும் வைத்துக்கொண்டு எமது பெண்கள் ரொட்டி, பிட்டு, கொழுக்கட்டை என்று விதவிதமாகச் செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அந்தக் கைப்பக்குவம் இன்னும் எம்மிடம் இருக்கின்றது. அதோடு சத்தான மாவையும் இலைவகையையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு இறாத்தல் பாணின் எடை 450 கிராம். ஒரு கிலோ மாவில் ஏறத்தாழ மூன்று இறாத்தல் பாண் செய்யலாம். உங்கள் கடையில் மூன்று இறாத்தல் பாணின் விலையை ஒரு பக்கமும், ஒரு கிலோ மாவின் விலையை மறு பக்கமும் எழுதிப் பாருங்கள். நாளுக்கு இரண்டு இறாத்தல் வாங்கும் வீட்டில் மாதத்துக்கு 60 இறாத்தல் ஆகின்றது. கிழமையில் நான்கு நாட்களாவது வீட்டிலேயே செய்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது அப்போது தெரியும். அந்தக் காசில் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கலாம்.

கீழே உள்ள அளவுகள் ஒரு தாய்க்கும் மூன்று பிள்ளைகளுக்கும் உரியவை. சுண்டு என்பது வெறுமையான ரின்பால் பேணியின் அளவு.

குரக்கன் ரொட்டி

100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு வெள்ளைக் கோதுமை மாவில் 20 மில்லிகிராம் அளவே உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்புக்கும் பல்லுக்கும், பாலூட்டும் தாய்க்கும் கல்சியம் அவசியம்.

தேவையான பொருட்கள்:
குரக்கன் மா – ஒன்றரைச் சுண்டு
கோதுமை மா – அரைச் சுண்டு
தேங்காய்ப்பூ – 1 சுண்டு
சின்ன வெங்காயம் – 6
பச்சை மிளகாய் – 2
உப்பு – அளவிற்கு

செய்முறை: வெங்காயத்தையும் மிளகாயையும் பொடியாக வெட்டி, மாவுகள், தேங்காய்ப்பூ, உப்பு ஆகியவற்றுடன் கலக்கவும். சுடுதண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, கையில் ஒட்டாத பதத்தில் குழைத்து, 15 நிமிடம் மூடி வைக்கவும். எட்டு உருண்டைகளாகப் பிடித்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்து மெல்லிய வட்டமாகத் தட்டவும். சூடான தோசைக்கல்லில் போட்டு, மிதமான நெருப்பில் இரு பக்கமும் மும்மூன்று நிமிடம் சுட்டெடுக்கவும். தனிக் குரக்கன் மாவில் தட்டினால் ரொட்டி உடையும். அதற்காகவே கோதுமை மா சேர்க்கின்றோம்.

தொட்டுக்கொள்ள வல்லாரைச் சம்பல் நல்லது. வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், உப்பு சேர்த்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசறவும்.

முருங்கையிலைப் பிட்டு

தேவையான பொருட்கள்:
வறுத்த சிவப்பரிசி மா – 2 சுண்டு
உருவிக் கழுவிய முருங்கையிலை – 1 சுண்டு
தேங்காய்ப்பூ – 1 சுண்டு
சின்ன வெங்காயம் – 5
பச்சை மிளகாய் – 2
உப்பு – அளவிற்கு

செய்முறை: மாவில் உப்பைக் கலந்து, கொதிதண்ணீரைத் தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பினால் கிளறவும். தண்ணீர் கூடினால் மா களியாகிவிடும். எனவே கொஞ்சம் கொஞ்சமாக விடவும். கட்டிகளைச் சுண்டின் விளிம்பால் கொத்திச் சிறு குறுணிகளாக்கவும். அரிந்த இலை, வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் கலந்து நீத்துப்பெட்டியில் இட்டு, ஆவி நன்றாக வந்ததில் இருந்து 15 நிமிடம் அவிக்கவும்.

இலையும் தேங்காயும் உள்ளே இருப்பதால் தனியாகக் கறி வைக்க நேரமில்லாத நாளிலும் இதைக் கொடுக்கலாம். ஒரு வாழைப்பழம் இருந்தால் இன்னும் நல்லது. முருங்கையிலையை முதல்நாள் மாலையிலேயே உருவி, துணியில் சுற்றி வைத்தால் காலையில் வேலை சுருங்கும்.

சட்டியில் சுட்ட பணிஸ்

வீட்டில் போறணை இல்லை என்று தயங்க வேண்டாம். கனமான சட்டியும், தட்டையான இரும்பு மூடியும், விறகடுப்புத் தணலும் இருந்தால் போதும். மாலையில் செய்து வைத்தால் அடுத்த நாள் பாடசாலைக்கும் கொடுத்தனுப்பலாம்.

தேவையான பொருட்கள்:
கோதுமை மா – 200 கிராம்
குரக்கன் மா – 50 கிராம்
ஈஸ்ற் – 1 தேக்கரண்டி
சீனி – 2 மேசைக்கரண்டி
உப்பு – அரைத் தேக்கரண்டி
எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
இளஞ்சூட்டுத் தண்ணீர் – ஏறத்தாழ 160 மில்லிலீற்றர்

செய்முறை: தண்ணீரில் விரலை வைத்தால் சுடக்கூடாது. சூடு கூடினால் ஈஸ்ற் செத்துவிடும். அந்தத் தண்ணீரில் சீனியையும் ஈஸ்ற்றையும் கரைத்து 10 நிமிடம் வைக்கவும். நுரைத்து வந்தால் ஈஸ்ற் நல்லது. நுரைக்காவிட்டால் அது பழையது, மாவில் ஊற்றி மாவையும் வீணாக்க வேண்டாம். மாவுகளையும் உப்பையும் கலந்து, ஈஸ்ற் தண்ணீரையும் எண்ணெயையும் விட்டு 10 நிமிடம் நன்றாகக் குழைக்கவும். ஈரத் துணியால் மூடி, இரட்டிப்பாகப் பொங்கும் வரை ஒரு மணித்தியாலம் அளவில் வைக்கவும். பின்பு எட்டு உருண்டைகளாக்கி, எண்ணெய் பூசிய தட்டில் அடுக்கி, மேலும் 20 நிமிடம் விடவும். விரும்பினால் உள்ளே தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் வைக்கலாம்.

சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்பி, அதன் மேல் மூன்று சிறு கற்களை வையுங்கள். மூடி வைத்து 10 நிமிடம் சூடேற்றிய பின் தட்டைக் கற்களின் மேல் இறக்குங்கள். மூடியின் மேலும் தணலைப் பரப்புங்கள். அடியில் எரியும் நெருப்பு வேண்டாம், தணலே போதும். 25 முதல் 30 நிமிடத்தில் பணிஸ் மேலே சிவந்து வரும். ஈர்க்கினால் குத்திப் பார்த்தால் மா ஒட்டக்கூடாது. தணல் மூடியைத் தூக்கும்போது சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். அந்தச் சட்டியை இந்த வேலைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

ஒன்றும் செய்ய முடியாத நாளில்

இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் தயிர் அல்லது மோர், வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துக் கரைத்துக் குடித்தால் பசி ஆறும். அடுப்பு மூட்டவே தேவையில்லை. ஆனால் மணம் மாறிய சோற்றைப் பாவிக்க வேண்டாம்.

தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை

இலைவகையிலும் குரக்கனிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைத் தேநீர் குறைக்கின்றது. எனவே சாப்பாட்டோடு தேநீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேசிக்காய்ப் புளி இரும்புச்சத்தை உறிஞ்ச உதவுகின்றது. சம்பலில் தேசிக்காய் விடுவது ருசிக்காக மட்டுமல்ல. களைப்பு, தலைச்சுற்று, முகம் வெளிறுதல் என்று இருந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். கிளினிக்கில் காட்டி இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணித் தாய்க்கென்று திரிபோஷா கிடைத்தால் அதை வீடு முழுவதற்கும் பங்கிட்டுவிட்டுத் தாய் வெறும் வயிற்றோடு இருப்பது சரியல்ல. அது அவளுக்கும் வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் உரியது.

எட்டு ரொட்டி சுட்டால் ஆளுக்கு இரண்டு. அந்த இரண்டை முதலிலேயே உங்கள் பெயரில் எடுத்து மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பரிமாறுங்கள். ‘மிஞ்சினால் சாப்பிடுவேன்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டுக்காக உழைப்பவரும் நீங்கள்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு முழுவதும் விழித்திருப்பவரும் நீங்கள்தான். நீங்கள் படுத்துவிட்டால் அந்த வீட்டைப் பார்க்க வேறு ஆள் இல்லை. பிள்ளைகளும் விளங்கிக்கொள்வார்கள். மூத்த பிள்ளை ஆணோ பெண்ணோ, தேங்காய் துருவவும் முருங்கையிலை உருவவும் பழக்குங்கள். காலை வேலையும் குறையும், எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடவும் நேரம் கிடைக்கும்.