மலைநாட்டை நோக்கி ஒரு நடை



வானதூதரின் செய்தியைக் கேட்ட அன்னை மரியா, தம் உறவினரான எலிசபெத்தைக் காண மலைநாட்டை நோக்கி விரைந்து சென்றதாக லூக்கா நற்செய்தி கூறுகின்றது. மலையகத்தில் வாழும் நமக்கு அத்தகைய நடை புதிதன்று. அட்டனிலும் நுவரெலியாவிலும் நம் தாய்மார் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறி இறங்கும் சரிவுகளை நாம் நன்கு அறிவோம். ஆனால், ஓய்வுபெற்றதும் அதே தாய் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்துவிடுகின்றார். கொழும்புக்குச் சென்ற மகனோ கடையிலோ முச்சக்கர வண்டியிலோ நாள் முழுவதும் அமர்ந்தே உழைக்கின்றான்.

இவ்வாறு அமர்ந்திருப்பது நம் உடலின் நுண்ணிய கலங்களையும் தொடுகின்றதா? நம் கலங்களுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் உள்ளன. சேலையின் முந்தானை பிரிந்துவிடாதபடி ஓரத்தில் குஞ்சம் முடிவதுபோல, அவற்றின் நுனிகளை 'டெலோமியர்' என்னும் பகுதி காக்கின்றது. கலம் பிரியப் பிரிய அது குறுகுகின்றது. இக்காப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதைக் கண்டறிந்த எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவரும் 2009ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

2017இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள், 64 முதல் 95 வயது வரையான ஏறத்தாழ 1,500 பெண்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். நாளில் 10 மணி நேரத்திற்கும் மேலாக அமர்ந்திருந்து, 40 நிமிடங்களுக்கும் குறைவாக உடலை இயக்கிய பெண்களின் கலங்கள், குறைவாக அமர்ந்தோரின் கலங்களைவிட எட்டு ஆண்டுகள் முதிர்ந்திருந்தன. தினமும் அரை மணி நேரமாவது பயிற்சி செய்தவர்களிடம் இத்தொடர்பு காணப்படவில்லை. இது காரணத்தை உறுதிசெய்யும் சான்று அன்று. எனினும் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது.

"மலை ஏறியே தேய்ந்துபோன எங்களுக்கு இன்னும் பயிற்சியா, சுவாமி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு இலட்சத்திற்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2021இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வு, ஓய்வு நேர உடலியக்கம் இதயத்திற்கு நலம் சேர்ப்பதோடு தொடர்புற்றிருக்க, தொழிலின் கடும் உடலுழைப்பு அவ்வாறில்லை என்றே காட்டியது. பாரமும் பசியும் ஓய்வின்மையும் சேர்ந்த உழைப்பு உடற்பயிற்சி ஆகாது. எனவே, கொழுந்து பறித்துத் திரும்பும் தாய்க்குத் தேவை நல்ல உணவும் ஓய்வும். வீட்டு வேலையில் கணவரும் பிள்ளைகளும் கொடுக்கும் கையும்.

அமர்ந்தே இருப்போருக்கு வேறு அறிவுரை. வளர்ந்தோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமாக உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள்கள் விரைந்து நடந்தாலே இது நிறைவேறும். செபமாலையை நடந்தபடியே சொல்லலாம். நோயுள்ளோர் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நன்று.

நம் உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று புனித பவுல் நமக்கு நினைவூட்டுகின்றார். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்க நாம் சோம்புவதில்லை. அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும், முதிர்ந்த உங்கள் அன்னையின் கையைப் பிடித்து, அவர் நடக்கும் வேகத்திலேயே சிறிது தூரம் நடந்து பாருங்கள். அது அவருக்கும் மருந்து, உங்களுக்கும் செபம்.