‘நெஞ்சு நோகுது’ என்றால் வைத்தியருக்கு விளங்காது

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் நமது பிள்ளைகளுக்கு ‘மார்பு’ என்ற சொல் எளிதில் வாயில் வராது. ‘நெஞ்சு நோகுது’ என்பார்கள். வெளிநோயாளர் பிரிவில் அப்படிச் சொன்னால் வைத்தியர் இருதயத்தைத்தான் நினைப்பார். ஈ.சி.ஜி. சரியாக இருக்கும். பிள்ளை அதே நோவோடு ஒலுவில் கெம்பஸ் விடுதிக்குத் திரும்பி, இரவில் போனில் தேடிப் பார்த்துப் புற்றுநோயோ என்று அழுவாள்.

மாதவிடாய்க்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன் ஹோர்மோன் மாற்றத்தால் மார்பகம் நீர்கோத்துக் கனக்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் நோகும், கக்கம் வரை இழுக்கும். குப்புறப் படுக்கவோ புத்தகங்களை அணைத்துப் பிடிக்கவோ முடியாது. மாதவிடாய் வந்ததும் விட்டுவிடும். இது நோயல்ல. வேறு அறிகுறி இல்லாமல் நோவு மட்டும் புற்றுநோயால் வருவது மிக அரிது. இரண்டு மூன்று மாதம் நோவு நாளையும் மாதவிடாய் நாளையும் கலண்டரில் குறித்து வையுங்கள்.

உம்மா கண்ணளவில் வாங்கி வந்த பிராவைத்தான் பலர் அணிகிறார்கள். நாடாவால் அளந்து, தாங்கிப் பிடிப்பதாக ஒன்று வாங்குங்கள். பனடோல் போதாவிட்டால் ஐபுபுரோஃபனோ டிக்ளோபெனாக் ஜெல்லோ உதவும், வைத்தியரிடம் கேட்டுப் பாவியுங்கள். ஐபுபுரோஃபன் வெறும் வயிற்றுக்கு ஆகாது. மாதவிடாய் நாட்களில் நோன்பில்லை. ஆனால் இந்த நோவு வருவதோ அதற்கு முந்திய, நோன்பு பிடிக்கிற நாட்களில். ஆகவே நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகே குடியுங்கள். காய்ச்சலும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம், ஐபுபுரோஃபனைத் தொடவே வேண்டாம்.

மாதவிடாய் முடிந்தும் கரையாத கட்டி, ஒரே இடத்தில் விடாத நோவு, காம்பில் இரத்தம், தோலில் குழி, சிவந்து சுடுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த மாதம் வரை பொறுக்காதீர்கள். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. இரண்டும் அரச வைத்தியசாலைகள், பரிசோதனைக்குக் காசில்லை.

பெண் வைத்தியரைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால் ராத்தாவோ தாதியோ பக்கத்தில் நிற்க வேண்டும், திரையை மூட வேண்டும் என்று சொல்லுங்கள். இது சலுகையல்ல, உங்கள் உரிமை. வெளியே தெரிந்தால் கலியாணப் பேச்சு குழம்பும் என்று எத்தனை பிள்ளைகள் பயந்து கிடக்கிறார்கள்! நோயாளியின் விடயத்தை வைத்தியர் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் இலங்கை மருத்துவ சபையிடம் எழுத்தில் முறையிடலாம்.

உள்ளே போனதும் கலண்டரைக் காட்டி இப்படிச் சொல்லுங்கள்: “டொக்டர், மார்பு ரெண்டும் நோகுது. பீரியட்ஸுக்குப் பத்து நாளைக்கு முன்ன தொடங்குது, வந்த உடனே விடுது.”